பங்குனித் தண்ணீரைக் கணக்கிட்டுத் தெளிப்பான் போடுங்கள்

‘தெளிப்பான் போட்டிருக்கிறேன். ஆனாலும் கடலை ஒரு பக்கம் கரும்பச்சையாகவும் இன்னொரு பக்கம் வாடியும் நிற்கிறது. என்ன செய்யலாம்?’

கேள்வி-பதில் பகுதியில் சற்றே மாறி மாறி வந்துகொண்டே இருக்கும் கேள்வி இது. அலுவலகத்துக்கு நேரில் வருபவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பெரும்பாலும் தெளிப்பான் மீதுதான் பழி விழுகிறது. ‘சரக்கு சரியில்லை சார்’ என்பார்கள். வயலுக்குப் போய்ப் பார்த்தால், பத்தில் எட்டு இடங்களில் தெளிப்பானில் குறை இருக்காது. கிணறு தாங்குகிற அளவுக்கு மேல் தெளிப்பான்களை மாட்டியிருப்பார்கள்; அல்லது கார்த்திகையில் கிணறு நிறைந்திருந்ததைப் பார்த்து ஏக்கரை முடிவு செய்திருப்பார்கள்.

மார்கழிப் பட்டக் கடலைக்கு உழவு ஓட்டத் தொடங்கும் நேரம் இது. மானியத்துக்கு மனு கொடுப்பவர்களும், சொந்தப் பணத்தில் செட் வாங்க நினைப்பவர்களும் கடைக்குப் போவதற்கு முன் கிணற்றடியில் ஒரு நாள் செலவிட வேண்டும். அந்த ஒரு நாள் வேலையைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

கிணற்றில் ஒரு நாளைக்கு எவ்வளவு ஊறுகிறது?

‘என் கிணற்றில் தண்ணீர் வற்றாது’ என்பது கணக்கு ஆகாது. மோட்டாரை நிறுத்திவிட்டு நீர்மட்டத்தைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் கழித்து எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். கிணறு நிறைந்து நிற்கும்போது பார்த்தால் ஏற இடமிருக்காது; நன்றாக இறைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

20 அடி விட்டமுள்ள வட்டக் கிணறு என்றால், ஓர் அடி உயரத்துக்குச் சுமார் 8,900 லிட்டர். சதுரக் கிணறு என்றால் நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி, அதை 28.3 ஆல் பெருக்கினால் ஓர் அடிக்கான லிட்டர் கிடைக்கும். அந்த வட்டக் கிணற்றில் ஒரு நாளைக்கு 8 அடி ஏறினால், உங்கள் கையில் இருப்பது தினமும் சுமார் 71,000 லிட்டர். மோட்டார் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதற்கு மேல் ஒரு சொட்டும் கிடைக்காது.

இங்கேதான் மாதம் முக்கியமாகிறது. மார்கழியில் விதைத்த கடலை, 60 நாளுக்கு மேல் காய் பிடித்து, பருப்பு முற்றும் காலம் மாசி, பங்குனி. பயிருக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் காலமும் அதுதான், ஊற்று குறையும் காலமும் அதுதான். கார்த்திகையில் 8 அடி ஏறிய கிணறு பங்குனியில் 4 அடி ஏறினால் பாதி நிலத்துக்குத்தான் தண்ணீர் உண்டு. பாதியில் தண்ணீர் விட்டுப்போனால் செடி பச்சையாகவே நிற்கும். பிடுங்கிப் பார்க்கும்போதுதான் காய் பொக்காக இருப்பது தெரியும். விதை, உரம், ஆள்கூலி எல்லாம் போட்ட பிறகு வரும் நட்டம் இது. சென்ற பங்குனியில் கிணறு எப்படி இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த அளவை வைத்தே கணக்குப் போடுங்கள்.

ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் ஊறும் அளவை இப்படிச் சுவரில் பார்க்க முடியாது. மோட்டாரைத் தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் ஓட்டி, முதல் மணி நேரத்தில் வரும் தண்ணீரையும் கடைசி மணி நேரத்தில் வருவதையும் டிரம் வைத்து அளங்கள். கடைசி அளவுதான் நிஜம். கொங்குப் பகுதியில் ஆயிரம் அடிக்கு இறக்கிய போர்கள் விட்டு விட்டுத் தண்ணீர் தருகின்றன. அவற்றில் நேரடியாகத் தெளிப்பானைக் கோப்பது வீண் வேலை. தண்ணீரைத் தொட்டியிலோ பழைய கிணற்றிலோ விட்டுச் சேர்த்து, அங்கிருந்து இன்னொரு மோட்டார் வைத்துத் தெளிப்பதே சரி.

டிரம் காட்டும் பொய்க் கணக்கு

அடுத்தது மோட்டார் தரும் தண்ணீர். டெலிவரி பைப்பின் வாயில் டிரம்மை வைத்து அளப்பது எல்லோருக்கும் தெரியும். வாய்க்கால் பாசனத்துக்கு அது போதும். தெளிப்பானுக்கு அந்த அளவு உதவாது.

நாம் அதிகம் பயன்படுத்தும் சாதாரண தெளிப்பான், தலைப்பகுதியில் 2.5 கிலோ அழுத்தம் இருந்தால்தான் சரியாகச் சுற்றி, சரியான தூரத்துக்கு வீசும். 1 கிலோ அழுத்தம் கொடுப்பதும், தண்ணீரை 10 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதும் மோட்டாருக்கு ஒரே சுமைதான். ஆக, தெளிப்பானை மாட்டுவது உங்கள் கிணற்றை இன்னும் 80 அடி ஆழமாக்கிவிட்டு இறைப்பதற்குச் சமம். திறந்த வாயில் விநாடிக்கு 7 லிட்டர் கொட்டும் மோட்டார், இந்தச் சுமையில் 4 லிட்டர் தருவதே பெரிது.

எனவே டெலிவரி பைப்பில் ஒரு கேட் வால்வும், அதற்கு முன்னால் ஒரு பிரஷர் மீட்டரும் பொருத்துங்கள். மீட்டரின் விலை சில நூறு ரூபாய்தான். மோட்டாரை ஓடவிட்டு, மீட்டர் முள் 3 கிலோ காட்டும் வரை வால்வை மெல்ல மூடுங்கள். அரை கிலோ கூடுதலாக வைப்பது குழாயில் ஏற்படும் இழப்புக்காக. அந்த நிலையில் வரும் தண்ணீரை 200 லிட்டர் டிரம்மில் பிடித்து நேரம் பாருங்கள். 50 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 4 லிட்டர், மணிக்கு 14,400 லிட்டர்.

4.4 மி.மீ., 3.2 மி.மீ. என இரண்டு நாசில்கள் கொண்ட தெளிப்பான் 2.5 கிலோ அழுத்தத்தில் மணிக்குச் சுமார் 1,750 லிட்டர் தெளிக்கும். 14,400ஐ 1,750ஆல் வகுத்தால் 8. ஒரே நேரத்தில் 8 தெளிப்பான், அதுதான் எல்லை. 12 மாட்டினால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பதுதான் பெரும்பாலான வயல்களில் நடக்கும் கோளாறு. 12 மாட்டும்போது அழுத்தம் இறங்கிவிடும். தண்ணீர் தூறலாகப் பரவாமல் தடித்த துளிகளாக ஒரு வளையத்தில் மட்டும் விழும், நடுவில் காயும். பச்சையும் வாடலுமாகக் கடலை நிற்பதன் காரணம் இது. அழுத்தம் அளவுக்கு மேல் போனாலும் கெடுதல்தான்: தண்ணீர் புகைபோல எழும்பிக் காற்றோடு போய்விடும்.

ஓர் ஏக்கருக்கு எவ்வளவு நேரம்?

100 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம் உள்ள ஏக்கர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளவாக்கில் குழாயை ஓட்டி, 12 மீட்டருக்கு ஒன்றாக 8 தெளிப்பான். முதல் தெளிப்பான் வரப்பிலிருந்து 6 மீட்டர் உள்ளே தள்ளி இருக்கட்டும். அகலவாக்கில் 10 மீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்று குழாயை நான்கு இடங்களில் மாற்றி வைக்க வேண்டும்.

இந்த இடைவெளியில் மணிக்குச் சுமார் 14.5 மி.மீ. தண்ணீர் விழும். செம்மண், மணல் கலந்த நிலத்தில் கடலைக்கு ஒரு பாய்ச்சலுக்கு 30 மி.மீ. வேருக்குச் சேர வேண்டும். காற்றிலும் ஆவியிலும் போவதைச் சேர்த்து 40 மி.மீ. தெளிக்க வேண்டும். அதற்கு ஒரு நிறுத்தத்துக்கு 2 மணி 45 நிமிடம். நான்கு நிறுத்தத்துக்கு 11 மணி நேரம். செலவாகும் தண்ணீர் 1,54,000 லிட்டர்.

மாசி, பங்குனி வெயிலில் கடலை நாளொன்றுக்கு 5 மி.மீ. வரை குடிக்கும் என்று வைத்தால், இந்தப் பாய்ச்சல் 6 நாள் தாங்கும். தினமும் 71,000 லிட்டர் ஊறும் கிணறு 6 நாளில் தருவது 4,26,000 லிட்டர். அது இரண்டே முக்கால் ஏக்கருக்குத்தான் வரும். 4 அடி மட்டும் ஊறினால் ஒன்றேகால் ஏக்கரைத் தாண்டி விதைக்கக் கூடாது. ஐந்து ஏக்கர் பட்டா இருக்கிறதே என்று ஐந்து ஏக்கருக்கும் செட் எழுதி வாங்குபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். செட் ஐந்து ஏக்கருக்கு வந்துவிடும். தண்ணீர் வராது.

கரிசலிலும் களியிலும் இதே கணக்கு செல்லாது. மணிக்கு 14 மி.மீ. வேகத்தில் கொட்டினால் மண் உறிஞ்சாது. அரை மணி நேரத்தில் தேங்கி ஓடத் தொடங்கும். அங்கே மணிக்கு 500 லிட்டருக்குள் தெளிக்கும் சிறிய தெளிப்பான்களை 8 முதல் 10 மீட்டர் இடைவெளியில் வைத்து, அதிக நேரம் ஓட்டுவது நல்லது. சின்ன வெங்காயம், கீரை, கொத்தமல்லி போன்றவற்றுக்கும் மென்மையாகத் தூவும் இவைதான் ஏற்றவை.

மழைத்தூவானைப் பற்றியும் கேட்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். குறைந்தது 3 கிலோ அழுத்தமும், விநாடிக்கு 5 லிட்டருக்கு மேல் தண்ணீரும் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. பெரிய துளிகள் இளம் பயிரைச் சாய்த்து, மேல்மண்ணை இறுக்கிவிடும். கரும்பு, வளர்ந்த மக்காச்சோளம் என்றால் சரி.

குழாயின் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம்

விநாடிக்கு 4 லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் தூரம் கொண்டுபோகும்போது, 75 மி.மீ. குழாயில் 2 மீட்டருக்கும் குறைவான அழுத்த இழப்பு ஏற்படும். 63 மி.மீ. குழாயில் 4 மீட்டரைத் தாண்டும். 50 மி.மீ. குழாயில் 13 மீட்டர் போய்விடும், அதாவது 1.3 கிலோ அழுத்தம் குழாயைத் தேய்த்துக்கொண்டு போவதிலேயே தீர்ந்துவிடும். உள்விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் இவை தோராயமானவை. ஆனால் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைப் பாருங்கள். கிணறு வயலுக்குத் தள்ளி இருந்தால், அதுவரை செல்லும் பிரதானக் குழாய் 75 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

ஒரே வரிசையில் முதல் தெளிப்பானுக்கும் கடைசித் தெளிப்பானுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் 20 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். 2.5 கிலோவில் இது அரை கிலோ. நிலம் சரிவாக இருந்தால் பிரதானக் குழாயைச் சரிவின் போக்கிலும், தெளிப்பான் வரிசையைச் சரிவுக்குக் குறுக்கிலும் போடுங்கள்.

காற்றோடு மல்லுக்கட்ட முடியாது

பல்லடம், தாராபுரம், உடுமலைப்பேட்டைப் பகுதி விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வைகாசி முடிந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் காற்றாலைகள் சுற்றும். தெளிப்பான் தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். காற்று இல்லாத இடத்தில் தெளிப்பு விட்டத்தின் 60 சதவிகித இடைவெளி போதும். மிதமான காற்றுக்கே அதை 50 சதவிகிதமாகக் குறைக்க வேண்டும். பலத்த காற்றில் 30 சதவிகிதம் வரை நெருக்க வேண்டியிருக்கும்; அப்படிச் செய்தால் செலவு கட்டுப்படியாகாது. அந்த மாதங்களில் விடியற்காலையில் மட்டும் ஓட்டுவதே நடைமுறைக்கு ஒத்து வரும். வரிசையைக் காற்றின் திசைக்குக் குறுக்காக அமைக்க வேண்டும். தென்மேற்குக் காற்று என்றால் வரிசை வடமேற்கு – தென்கிழக்காகப் போக வேண்டும். வயலின் அமைப்பு இதற்கு ஒத்துழைக்காத இடங்களில், முடிந்தவரை நெருங்கி வாருங்கள்.

விடியற்காலை ஓட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. மாலையில் நனைந்த இலை இரவு முழுவதும் ஈரமாகவே இருக்கும். கடலையில் டிக்கா இலைப்புள்ளிக்கும் துருவுக்கும், வெங்காயத்தில் ஊதாக் கருகலுக்கும் அது விருந்து. விடியலில் எப்படியும் பனியில் இலை நனைந்துதான் இருக்கிறது. தெளித்து முடித்ததும் வெயிலில் காய்ந்துவிடும். மருந்து தெளித்தால் இரண்டு நாளுக்குத் தெளிப்பானைத் தொடாதீர்கள். உப்புத் தண்ணீர் உள்ளவர்கள் முதலில் நீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உப்பு இலை மேல் படிந்து ஓரம் கருகும். அவர்களுக்குச் சொட்டு நீர்ப் பாசனமே பொருத்தம்.

‘பூக்கும் நேரத்தில் தெளித்தால் பூ கொட்டிவிடாதா?’ என்பது எல்லாக் கூட்டங்களிலும் எழும் சந்தேகம். நிலக்கடலை தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். பூ விரியும் விடியலிலேயே அந்த வேலை முடிந்துவிடுகிறது. பயப்பட வேண்டாம். உண்மையில் விழுது இறங்கும் பருவத்தில்தான் தெளிப்புப் பாசனத்தின் அருமை தெரியும். மேல்மண் பொலபொலவென்று ஈரமாக இருப்பதால் விழுதுகள் தடையின்றி இறங்கும். 40-45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு, மண் அணைத்த பிறகு தெளிப்பானை ஓட்டுங்கள்.

டப்பா வைத்துச் சோதனை

செட்டை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனதோடு வேலை முடியவில்லை. ஒரே அளவுள்ள, வாய் குறுகாத 16 டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே, நான்கு தெளிப்பான் புள்ளிகளுக்கு நடுவில் உள்ள இடத்தில் நான்கு வரிசையாக வையுங்கள். இரண்டு நிறுத்தமும் முடியும் வரை டப்பாவை எடுக்காதீர்கள். பிறகு ஒவ்வொன்றிலும் எத்தனை மி.மீ. என்று ஸ்கேலால் அளங்கள்.

16இன் சராசரி 34 மி.மீ. என்றும், மிகக் குறைவாக உள்ள நான்கின் சராசரி 26 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். 26ஐ 34ஆல் வகுத்தால் 76 சதவிகிதம். 75க்கு மேல் இருந்தால் நல்ல அமைப்பு. 60க்குக் கீழே என்றால் அழுத்தத்தையும் இடைவெளியையும் மறுபடி பாருங்கள். ரைசர் குழாய் சாய்ந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்த ரைசர் ஒரு பக்கம் தரையில் அடிக்கும், மறுபக்கம் வானத்தில் அடிக்கும்.

பண்ணை வீட்டு முன்னால் புல்தரை போட்டிருப்பவர்களுக்கும், விற்பனைக்குப் புல் வளர்ப்பவர்களுக்கும் இதே கணக்குதான். அங்கே கூடுதலாக ஒரு சிக்கல்: மூலையில் கால்வட்டம், ஓரத்தில் அரைவட்டம், நடுவில் முழுவட்டம் என்று தெளிப்பான்கள் வைப்பார்கள். மூன்றிலும் ஒரே நாசிலைப் போட்டால், மூலைக்கு நடுப்பகுதியைப் போல நான்கு மடங்கு தண்ணீர் விழும். மூலைப்புல் மஞ்சளாகி அழுகும்போது உரப் பற்றாக்குறை என்று யூரியா போடுகிறார்கள்! கால்வட்டத்துக்குக் கால்பங்கு, அரைவட்டத்துக்குப் பாதி தண்ணீர் தரும் நாசில்களைக் கேட்டு வாங்குங்கள். ஒரு தெளிப்பானின் தண்ணீர் அடுத்த தெளிப்பானின் காலடி வரை எட்ட வேண்டும்.

மானியமும் பராமரிப்பும்

தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகிதமும், மற்றவர்களுக்கு 75 சதவிகிதமும் மானியம் தரப்படுகிறது. நிர்ணயித்த அலகுத் தொகைக்கு மேல் ஆகும் செலவு நம்முடையது. ஒருமுறை வாங்கிய நிலத்துக்கு 7 ஆண்டுகள் கழித்தே மறுபடி பெற முடியும். அதனால்தான் முதல் முறையே சரியாகத் திட்டமிடச் சொல்கிறேன். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிப் புத்தக நகல், சிறு, குறு விவசாயி சான்று ஆகியவற்றோடு வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தை அணுகலாம். தொட்டி, மோட்டார், குழாய் ஆகியவற்றுக்குத் துணை நீர் மேலாண்மைத் திட்டத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

கம்பெனிக்காரர் வயலை அளந்து வரைபடம் கொடுப்பார். கையெழுத்துப் போடும் முன் மூன்று எண்களைக் கேளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை தெளிப்பான் ஓடும்? கடைசித் தெளிப்பானில் எத்தனை கிலோ அழுத்தம் இருக்கும்? ஒரு நிறுத்தத்துக்கு எவ்வளவு நேரம்? நீங்கள் கிணற்றடியில் எடுத்த அளவோடு அவை ஒத்துப்போகாவிட்டால், வரைபடத்தை மாற்றித் தரச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஓட்டும்போது வால்வைப் பாதி மூடி வைத்து மோட்டாரைப் போட்டு, பிறகு மெல்லத் திறங்கள். எடுத்த எடுப்பில் திறந்தால் இணைப்புகள் கழன்று தெறிக்கும். வாரம் ஒரு முறை வரிசையின் கடைசி மூடியைக் கழற்றி மண்ணை வெளியேற்றுங்கள். தெளிப்பான் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சுற்று சுற்ற வேண்டும். அது மெதுவாகச் சுற்றினால் எண்ணெயோ கிரீஸோ போடாதீர்கள். மணலைப் பிடித்துக்கொண்டு இன்னும் கெடும். கழற்றித் தண்ணீரில் கழுவினாலே போதும். மணல் வரும் கிணறுகளில் நாசில் துளை தேய்ந்து பெரிதாகும். 4.4 மி.மீ. நாசிலில் 4.5 மி.மீ. டிரில் பிட்டின் அடிப்பகுதி தாராளமாக நுழைந்தால், அதை மாற்றிவிடுங்கள். அறுவடை முடிந்ததும் ரப்பர் வாஷர்களைத் தனியாகக் கழற்றி நிழலில் வையுங்கள். குழாய்களை எலி கடிக்காத இடமாகப் பார்த்து, தரையில் போடாமல் பரண் மேல் அடுக்குங்கள்.